கிங் காங்கின் மகன்: கடனை நினைவூட்டிய இரண்டாம் பாகம்

1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் 'கிங் காங்' திரையிடப்பட்டபோது, அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தின் அடியாழத்தில் கிடந்தது. அடுத்த சில நாள்களில் நாட்டின் வங்கிகள் அனைத்தும் தற்காலிகமாக மூடப்பட்டன. படத்தைத் தயாரித்த ஆர்.கே.ஓ. நிறுவனமோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கடன் மிகுந்து, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குச் சென்றிருந்தது. ஆயினும் மக்கள் திரண்டு வந்தனர். அவ்வெற்றியின் சூடு ஆறுவதற்குள் இரண்டாம் பாகம் வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'சன் ஆஃப் காங்' வெளிவந்தது. முதற்படத்திற்கு ஏறத்தாழ 6.7 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. இதற்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 2.7 லட்சம் மட்டுமே.

பணமும் காலமும் இல்லாத இடத்தில் பிரம்மாண்டத்தைத் தேடுவது வீண் என்பதைத் திரைக்கதை ஆசிரியர் ரூத் ரோஸ் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அவர் நகைச்சுவையின் பக்கம் திரும்பினார். மகன் காங் தந்தையைப் போல் மாளிகை ஏறுவதில்லை. தலையைச் சொறிகிறது, விழிக்கிறது, குறும்பு செய்கிறது. முதற்படத்தின் பொம்மை ஒன்றின் உலோக எலும்புக்கூட்டையே எடுத்து, அதன்மேல் வெண்ணிறத் தோல் போர்த்தி இக்குட்டியை உருவாக்கினர். எழுபது நிமிடப் படத்தில் பாதிக்குமேல் கடந்த பின்னரே அது தோன்றுகிறது.

எனினும் இப்படத்தை வரலாற்று நோக்கில் முக்கியமாக்குவது அதன் தொடக்கம். காங் வீழ்ந்து ஒரு மாதம் கழிகிறது. அதை நியூயார்க்கிற்குக் கொண்டுவந்த கார்ல் டென்ஹாமின் வாசலில் வழக்கு ஓலைகளுடன் ஆள்கள் காத்திருக்கின்றனர். இடிந்த நகரத்துக்கு யார் ஈடு தருவது என்பதே கேள்வி. வேடிக்கை காட்டியவனிடம் கணக்குக் கேட்கும் இத்தகைய காட்சி அக்காலப் பூதப்படங்களில் அரிது. டென்ஹாம் கப்பலேறித் தப்புகிறான், தீவுக்கு மீள்கிறான், சேற்றில் அமிழும் குட்டியைக் காப்பாற்றுகிறான், அதன் காயம்பட்ட விரலுக்குக் கட்டுப்போடுகிறான். தந்தைக்கு இழைத்த தீங்கிற்கான சிறிய பரிகாரம் அது. இறுதியில் தீவு கடலில் மூழ்குகையில், கால் சிக்கிக்கொண்ட அக்குட்டி டென்ஹாமைத் தன் கையில் நீருக்கு மேலே ஏந்திப் பிடித்தவாறே தானும் மூழ்குகிறது.

இப்பரிகாரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. காங்கைக் கவர்ந்து சென்றதால் அழிவுக்குள்ளான தீவு மக்கள் டென்ஹாமைக் கரையிறங்கவிடாமல் துரத்துகின்றனர். அவர்களது குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் தீவு மூழ்கும்போது படம் வருந்துவது குரங்குக்காகவே, அம்மக்களுக்காக அன்று. பிழைத்த நால்வரும் தீவின் வைரத்தோடு கரையேறுகின்றனர். நியூயார்க்கின் இழப்பீட்டைப் பற்றிப் பேசத் தெரிந்த படத்துக்குத் தீவின் இழப்பீடு என்ற எண்ணம் தோன்றவேயில்லை.

படப்பிடிப்புக் காலமும் துயரம் தோய்ந்தது. ஸ்டாப் மோஷன் மேதை வில்லிஸ் ஓ'பிரையன், அக்டோபரில் தம் இரு மகன்களையும் இழந்தார். அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியே அவர்களைச் சுட்டார். அவர் இப்படத்தைப் பற்றிப் பின்னாளில் பேச விரும்பியதில்லை.

ஆயினும் அவசரத்தில் பிறந்த இப்படத்தின் சாந்தமான குரங்கு மறைந்துவிடவில்லை. 1949இல் கூப்பர், ஷூட்சாக், ரூத் ரோஸ், ஓ'பிரையன் ஆகியோர் மீண்டும் இணைந்து 'மைட்டி ஜோ யங்' படத்தை உருவாக்கினர். அதிலும் ஒரு குரங்கு வேடிக்கைக்காக நகரத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. எரியும் கட்டடத்திலிருந்து குழந்தைகளைக் காக்க உதவுகிறது. இம்முறை அது சாவதில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள தன் இருப்பிடத்துக்கே திரும்புகிறது. அப்படத்திற்குச் சிறப்புக் காட்சிகளுக்கான ஆஸ்கர் விருதும் கிட்டியது. 'கிங் காங்'கை மட்டும் பார்த்துவிட்டு 'மைட்டி ஜோ யங்'குக்குத் தாவும் வரலாறுகள், இடையில் 1933 டிசம்பரில் வந்த அவ்வெள்ளைக் குட்டியை விட்டுவிடலாகாது.