சூனியக்காரியின் துடைப்பம்: கொக்கோவைத் தேடிச் சென்ற நோய்

நம் மாணவர்கள் கொக்கோ என்றால் டின்னிலிருந்து வரும் தூளைத்தான் அறிவர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கடலோரத் தோட்டத்தில் தென்னைக்கு அடியில் கொக்கோ நின்றது. பழத்தைக் கல்லில் மோதி உடைத்து, விதையைச் சுற்றியுள்ள வெண்சதையைச் சுவைத்துவிட்டு விதையைத் துப்புவோம். மண்டோர் கண்டால் விரட்டுவார். அம்மரத்தின் பிறப்பிடம் அமேசான் காடு என்பதை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில்தான் அறிந்தேன். அக்காட்டில் அதற்கொரு பகையும் பிறந்திருந்தது. அப்பகை மரத்தைத் தேடிச் சென்ற வரலாறே ஈண்டு எழுதப்படுவது.

ஐரோப்பாவில் மரக்கிளையொன்றில் பறவைக்கூடு போல் சுள்ளிகள் மண்டி நின்றால், அது சூனியக்காரி ஏறிப் பறக்கும் துடைப்பம் என்று மக்கள் நம்பினர். அப்பெயரே கொக்கோ நோய்க்கும் வந்தது. நோயை உண்டாக்குவது ஒரு பூசணம். இளங்குருத்திலும் பூவிலும் பிஞ்சிலும் அது புகுகிறது. புகுந்த குருத்து வீங்கிப் பருத்து, பக்க மொட்டுகளெல்லாம் ஒருங்கே முளைத்து விளக்குமாறு போல் ஆகிவிடும். சில வாரங்களில் அது காய்ந்து கருகும். அதனோடு தொல்லை முடிந்தது என்று எண்ணுதல் தவறு. மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும் நிற்கும் அந்தச் செத்த துடைப்பத்தில்தான் இளஞ்சிவப்பு நிறச் சிறு குடைக்காளான்கள் முளைக்கும். அவை இரவின் ஈரக்காற்றில் வித்துத்தூளைப் பரப்பும்.

தோட்ட முதலாளிகளை இந்நோய் முதலில் கலங்கச் செய்தது டச்சுக்காரர் ஆண்ட சுரினாமில், 1895இல். அந்நாட்டுத் தோட்டங்களில் அப்போது உழைத்தோருள் பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரும் இருந்தனர். சில ஆண்டுகளிலேயே கொக்கோ விளைச்சல் சரிந்தது. பூசணத்தை இனங்கண்டு 1915இல் பெயரிட்டவர் ஸ்டாஹல் என்னும் அறிஞர். பின்னர் நோய் ஈக்குவடோருக்குச் சென்றது. 1928இல் டிரினிடாடில் காணப்பட்டது. நோயை எதிர்க்கும் மரத்தைத் தேடி, டிரினிடாடிலிருந்து பவுண்ட் என்பவர் 1937, 1938ஆம் ஆண்டுகளில் மேல் அமேசானுக்குச் சென்றார். துடைப்பம் பிடித்த மரங்களுக்கிடையே நலமாக நின்றவற்றின் வழித்தோன்றல்களைக் கொண்டுவந்தார். அவற்றுள் ஸ்கவினா இனம் புகழ்பெற்றது. ஆயினும் ஈக்குவடோரில் அதுவும் நோய்க்கு ஆளாயிற்று!

பிரேசிலின் பாஹியா மாநிலக் கதை வேறு. அங்கே கொக்கோ இயற்கையாக வளர்வதன்று; 1746இல் அமேசான் பகுதியான பாராவிலிருந்து விதையாகச் சென்றது. விதை சென்றது, நோய் செல்லவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாஹியா கவலையின்றி விளைவித்தது. எழுத்தாளர் ஜோர்ஜ் அமாடோ பிறந்து வளர்ந்ததும் அந்தக் கொக்கோ நாட்டில்தான். ஆனால் மரங்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. ஒன்று நோயுறின் அனைத்தும் நோயுறும். 1989 மே மாதம் உருசூக்காவில் துடைப்பம் தென்பட்டது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே கமக்கானிலும் தென்பட்டது.

எப்படி வந்தது? காற்றில் வந்திருக்க முடியாது என்பதே என் துணிபு. அமேசானுக்கும் பாஹியாவுக்கும் இடையே வறண்ட நிலம் பெரும் பரப்பாகக் கிடக்கிறது. வித்துத்தூளோ வெயிலிலும் வறட்சியிலும் விரைவில் மடிவது. தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் தோன்றியதும், பாஹியாவின் பூசணத்தில் இருவேறு மரபுவகைகளை ஆய்வாளர் கண்டதும் மனிதன் கையையே காட்டுகின்றன. பெருந்தோட்டக்காரரின் அரசியல் செல்வாக்கை ஒடிக்கவே வேண்டுமென்று கொண்டுவந்து கட்டினோம் என்று 2006இல் ஒருவர் பத்திரிகையில் கூறியதும் உண்டு. அக்கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை. 1970களில் ரொண்டோனியாவில் கொக்கோக் குடியேற்றம் நடந்ததிலிருந்து அமேசானுக்கும் பாஹியாவுக்கும் இடையே ஆள் போக்குவரத்து மிகுந்திருந்தது. பயணி ஒருவர் மூட்டையில் வைத்த காயே போதுமே! அறியாமையா, வஞ்சமா என்று தீர்ப்புக்கூறச் சான்று போதாது.

விளைவு கொடிது. 1980களின் நடுவில் பிரேசில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் கொக்கோ விளைவித்தது. 2000ஆம் ஆண்டளவில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யலாயிற்று. விலை வீழ்ச்சியும் அதே வேளையில் சேர்ந்துகொண்டதால் பழியனைத்தையும் பூசணத்தின்மேல் போடுவது முறையன்று. வேலை இழந்தோர் இரண்டு லட்சம் பேர் என்பர். அவர்கள் குடிசைகளை விட்டு இட்டாபுனா, இல்யேயுஸ் நகரங்களின் ஓரங்களில் குவிந்தனர். தோட்டம் துண்டாடப்பட்டபின் லயத்தை விட்டுப் பட்டணம் போன நம்மவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன்பட்ட உடைமையாளர் பலர் கொக்கோவுக்கு நிழல்தந்த காட்டு மரங்களையும் வெட்டி விற்றனர்.

எங்கள் தோட்டத்துக் கொக்கோ மறைந்ததற்குக் காரணம் இந்நோயன்று. காய்துளைக்கும் புழுவும் செம்பனையுமே. சூனியக்காரியின் துடைப்பம் மலேசியாவை எட்டியதில்லை. ஆனால் பால்மரமும் அமேசானுக்கே உரியது. அதற்கும் அங்கே ஓர் இலைக்கருகல் நோய் உண்டு. 1928இல் ஹென்றி ஃபோர்டு தபஜோஸ் ஆற்றங்கரையில் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். 1876இல் விக்கம் எடுத்துச் சென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் சிங்கப்பூர் வந்தவை 22 நாற்றுகள். அந்நாற்றுகளோடு அந்நோய் கப்பலேறவில்லை. நம் பாட்டன்மார் பால்வெட்டிப் பிழைத்தது அதனால்தான்.