ஒரு இன்சுலின் பம்ப், ஒரு கையளவு போர்டு, அதோட 40 வருஷக் கதை

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. டாக்டர் எதுக்குக் கம்ப்யூட்டர் கதை சொல்றார்னு தோணும். முதல் ரெண்டு பத்தி மட்டும் படிங்க, புரிஞ்சிடும்.

அமெரிக்காவுல சியாட்டில். டானா லூயிஸ்னு ஒரு பெண். 14 வயசுல டைப் 1 சர்க்கரை நோய் கண்டுபிடிச்சாங்க. உடம்புல இன்சுலின் சுரக்கவே சுரக்காது, வாழ்நாள் பூரா வெளியிலிருந்துதான் போடணும். உடம்புல சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கற சென்சார் இருந்தது. இடுப்புல இன்சுலின் பம்ப் இருந்தது. ஆனா ஒரு பயம் போகலை. ராத்திரி தூக்கத்துல சுகர் இறங்கினா அந்த மெஷின் அடிக்கற அலாரம் அவங்களை எழுப்பற அளவுக்குச் சத்தமா இல்லை.

டைப் 1 பிள்ளை இருக்கற வீட்டுல கேட்டுப் பாருங்க. ராத்திரி 2 மணிக்கு எழுந்து பிள்ளை நெத்தியில வேர்வை இருக்கான்னு தொட்டுப் பார்க்கற அம்மாக்கள் நம்ம திண்டிவனத்துலயும் இருக்காங்க, விழுப்புரத்துலயும் இருக்காங்க. ஆழ்ந்த தூக்கத்துல சுகர் ரொம்ப இறங்கினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

அலாரம் சத்தத்தைக் கூட்டறது பெரிய வேலையா? இல்லை. ஆனா மெஷின் பூட்டின பெட்டி. உள்ளே ஓடற மென்பொருளை நோயாளி தொட முடியாது. 2013-ல ஜான் காஸ்டிக்னு ஒரு அப்பா, தன் மகனோட சென்சார்லேர்ந்து எண்களை வெளியே எடுத்துட்டார். அவர் பகிர்ந்த நிரலை வெச்சு டானாவும் ஸ்காட் லைப்ராண்டும் முதல்ல சத்தமான அலாரம் செஞ்சாங்க. அப்புறம், அடுத்த அரை மணி நேரத்துல சுகர் எங்க போகும்னு கணக்குப் போடற நிரல். அப்புறம், அந்தக் கணக்கை வெச்சு பம்ப்பையே கூட்டிக் குறைக்கற நிரல். 2015-ல அதோட வடிவமைப்பை ஓப்பன்ஏபிஎஸ்ங்கற பேர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க.

ஒரு கணையம் செய்யற வேலையில பாதியை எந்த சூப்பர் கம்ப்யூட்டர் செஞ்சது? ராஸ்பெர்ரி பை. சீட்டுக்கட்டு அளவு பச்சைப் பலகை. அதுல ஏஆர்எம் சிப். அந்த சிப்ல லினக்ஸ். இந்த மூணும் எங்கேர்ந்து வந்துச்சுன்றதுதான் இன்னைக்குக் கதை.

1980-கள், இங்கிலாந்து, கேம்பிரிட்ஜ். ஏகார்ன்னு ஒரு சின்ன கம்பெனி. பிபிசி தொலைக்காட்சி நாட்டு மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 1981-ல கொண்டு வந்த பிபிசி மைக்ரோவைச் செஞ்சவங்க இவங்கதான். நம்ம ஊருக்கும் அது வந்துச்சு. 1984-ல மத்திய அரசு ‘கிளாஸ்’னு ஒரு திட்டம் தொடங்கி நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஏசி ரூமுக்குள்ள போய்க் கம்ப்யூட்டரைக் கும்பிடாத குறையாப் பார்த்த தலைமுறை, ஞாபகம் இருக்கா?

அடுத்த கம்ப்யூட்டருக்கு என்ன சிப் போடறதுன்னு ஏகார்ன்ல தேடினாங்க. எதுவும் பிடிக்கலை. அமெரிக்காவுல ஒரு சிப் கம்பெனியைப் போய்ப் பார்த்தா, ரொம்பக் கொஞ்சம் பேர்தான் உட்கார்ந்து சிப் வடிவமைச்சுட்டிருந்தாங்க. ‘இவங்களால முடிஞ்சா நம்மாலயும் முடியும்’னு திரும்பி வந்து ஆரம்பிச்சாங்க சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும். கட்டளைகள் குறைவா, எளிமையா இருக்கணும். கரண்ட் கம்மியா இழுக்கணும், ஏன்னா சூடு அதிகமானா விலை கூடின செராமிக் உறை போடணும், பிளாஸ்டிக் உறைக்குள்ள அடக்க முடியாது. காசு மிச்சம் பிடிக்கற யோசனைதான் முதல்ல!

1985 ஏப்ரல் 26, சிப் கைக்கு வந்துச்சு. முதல் தடவையே ஓடிச்சு. எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு ஃபர்பர் மீட்டர் வெச்சுப் பார்த்தார். பூஜ்யம்! அப்புறம்தான் தெரிஞ்சுது, சிப்புக்கு மின்சாரமே இணைக்கப்படலை. பக்கத்துச் சுற்றுலேர்ந்து சிக்னல் வழியாக் கசிஞ்சு வந்த கரண்ட்லயே அது ஓடிட்டிருந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கற போன் நாள் பூரா சார்ஜ் நிக்குதுன்னா அந்தக் கசிவோட வாரிசுதான்.

1990-ல ஏஆர்எம் தனிக் கம்பெனி ஆச்சு. சிப்பை அவங்க தயாரிக்கலை, வடிவமைப்பை மட்டும் வாடகைக்கு விட்டாங்க. அதனாலதான் உலகம் முழுக்க எல்லாக் கம்பெனி போன்லயும் அது புகுந்துச்சு.

இப்போ லினக்ஸ். 1983-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சார். மென்பொருளைப் பயன்படுத்தறவங்களுக்கு அதைப் படிக்க, மாத்த, பகிர உரிமை வேணும்னார். 1991-ல ஃபின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தான் எழுதிய லினக்ஸ் கருவை வெளியிட்டார். அது இன்டெல் கம்ப்யூட்டருக்கானது. 1994-ல ரஸ்ஸல் கிங்ன்றவர் அதை ஏகார்ன் மெஷின்ல ஓட வெச்சார். ஏஆர்எம்மும் லினக்ஸும் சேர்ந்த கல்யாணம் அதுதான். பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடலை.

சரி, நம்ம நாடு? பலருக்குத் தெரியாத விஷயம். ராஸ்பெர்ரி பை வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பெங்களூர்ல ‘சிம்ப்யூட்டர்’ செஞ்சாங்க. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துக்காரங்களும் சேர்ந்து செஞ்சது. கையடக்கம், ஏஆர்எம் வகை சிப், லினக்ஸ், இந்திய மொழிகள்ல எழுத்தை வாசிச்சுக் காட்டற வசதி. இலக்கு விலை சுமார் ரூ.9,000. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி கைக்குப் போகணும்ங்கறது கனவு. 2001-ல உலகமே பேசிச்சு. 2004-ல கடைக்கு வந்துச்சு, ஆனா பெரிசா விக்கலை. ஒரு விவசாயிக்கு அன்னைக்கு அந்த விலையே அதிகம். வாங்கினாலும் அதுல ஓட அவருக்குத் தேவையான செயலி எதுவும் இல்லை. அதுக்குள்ள சாதாரண செல்போன் மலிவாயிடுச்சு. தோத்துப்போன கண்டுபிடிப்புன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. மருந்து சரி, வேளை சரியில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2005-ல கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில தொடங்குது. சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துல இருக்கற ஏயு-கேபிசி மையமும் சேர்ந்து நடத்தினாங்க. (அதே ஜிஎஸ்டி ரோட்ல நேரா வந்தா திண்டிவனம்தான்!) 2007-ல பாஸ் லினக்ஸ் வந்துச்சு. அதே சமயம் எல்காட்ல உமாசங்கர் ஐஏஎஸ் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். 2011 செப்டம்பர்ல விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தப்போ விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தாங்க.

பசங்க என்ன பண்ணாங்க? நிறையப் பேர் மடிக்கணினி வாங்கின வாரமே கடையில கொடுத்து லினக்ஸை அழிச்சுட்டு, படம் பார்க்க இடம் பண்ணிக்கிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். மருந்தைக் கையில கொடுத்துட்டு எப்போ, எப்படிச் சாப்பிடணும்னு சொல்லாம அனுப்பினா நோயாளி அலமாரியிலதான் வைப்பார்.

இந்தச் சொல்லிக்கொடுக்கற வேலையைச் செஞ்சது தன்னார்வலர்கள். 2012 ஜனவரியில தொடங்கின கணியம் மின்னிதழ் லினக்ஸைத் தமிழ்ல எழுத ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, பத்து வருஷத்துக்கும் மேலா கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காம லினக்ஸும் நிரலாக்கமும் கத்துக்கொடுக்குது. சென்னைக்கு ரயில் ஏறாம இதெல்லாம் கத்துக்க முடியும்ங்கறது எங்க மாவட்டத்துக்குச் சின்ன விஷயம் இல்லைங்க.

2012 பிப்ரவரி 29. ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல கம்ப்யூட்டர் படிக்க வர்ற பிள்ளைகளுக்கு நிரல் எழுதின பழக்கமே இல்லையேன்னு கவலைப்பட்ட எபன் அப்டனும் நண்பர்களும் செஞ்சது. விலை 35 டாலர், அன்னைக்குக் கணக்குல சுமார் ரூ.1,750. மாடல் ஏ, மாடல் பின்னு பேர் வெச்சதே பழைய பிபிசி மைக்ரோ ஞாபகமாத்தான். முதல் நாளே வித்த தளங்கள் ரெண்டும் முடங்கிடுச்சு.

அதே 2012-ல நம்ம ஊர் எப்படி இருந்துச்சு? சென்னைக்கு வெளியே கரண்ட் இருக்கறதுதான் செய்தி. ஒரு நாள்ல பாதி நேரம் இருட்டு. மேசைக் கணினி 100 வாட்டுக்கு மேல கேக்கும், யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். இந்தப் போர்டுக்கு 3 வாட் மாதிரி போதும். செல்போன் சார்ஜர்ல ஓடும். அந்தக் கசிவுக் கரண்ட் கதையோட அருமை குளிரூட்டின லேப்ல தெரியாது, விழுப்புரத்துல தெரியும்.

ஆனா எல்லாம் சுமுகமா இல்லை. சாதாரணக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணா, என்னென்ன பாகம் இருக்குன்னு அதுவே பெரும்பாலும் சொல்லிடும். ஏஆர்எம் போர்டு சொல்லாது. நினைவிழந்த நிலையில எமர்ஜென்சிக்கு வர்ற, கூட யாருமில்லாத நோயாளி மாதிரி. ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனியா நிரல் எழுதி லினக்ஸுக்குள்ள திணிச்சாங்க. 2011-ல டார்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடுமையாத் திட்டினார். அதுக்கப்புறம் ‘டிவைஸ் ட்ரீ’ன்ற முறை ஏஆர்எம்ல பரவலாச்சு. அது போர்டுக்கான கேஸ் ஷீட். எந்தப் பாகம் எந்த முகவரியில, எந்தக் கம்பியிலன்னு தனிக் கோப்புல எழுதி வெச்சிடறது. லினக்ஸ் அதைப் படிச்சுட்டு வேலையைத் தொடங்கும். ஒரே லினக்ஸ் பல போர்டுல ஓடறது இதனாலதான்.

இன்னொண்ணும் நேர்மையாச் சொல்லணும். ராஸ்பெர்ரி பை முழுக்கத் திறந்த பெட்டி இல்லை. அது எழுந்திருக்கறதுக்குத் தேவையான முதல் துண்டு நிரல் பிராட்காம் கம்பெனியோட மூடின நிரல். ஏஆர்எம் வடிவமைப்பும் உரிமம் வாங்கித்தான் பயன்படுத்தணும். உரிமக் கட்டணம் இல்லாத ரிஸ்க்-ஃபைவ் வழியில ஐஐடி மெட்ராஸ் ‘சக்தி’ சிப்களைச் செஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவத்துக்குத் திரும்பறேன். கனடாவுல ஜேம்ஸ் ஹெயில்மன்னு ஒரு அவசர சிகிச்சை மருத்துவர். விக்கிப்பீடியா மருத்துவக் கட்டுரைகளைத் திருத்தறதுல பல வருஷம் உழைச்சவர். அவரும் கூட்டாளிகளும் ‘இன்டர்நெட் இன் எ பாக்ஸ்’னு ஒண்ணைப் பரப்பறாங்க. ராஸ்பெர்ரி பை, ஒரு மெமரி கார்டு, அதுக்குள்ள விக்கிப்பீடியா. இணையமே இல்லாத இடத்துல போர்டு தானே வைஃபை கொடுக்கும், பக்கத்துல இருக்கறவங்க போன்ல படிச்சுக்கலாம். கிவிக்ஸ் மூலமாத் தமிழ் விக்கிப்பீடியாவையும் இப்படி வெச்சுக்க முடியும்.

எங்கயோ ஆப்பிரிக்காவுக்கான விஷயம்னு நினைக்காதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. கரண்ட் இல்லை, ரோடு இல்லை. அந்த மாதிரி ராத்திரியில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பவர் பேங்க்ல ஓடற மருத்துவ நூலகம் இருந்தா எப்படி இருக்கும்? பாம்புக்கடி மருந்து அளவைப் பார்க்க டவர் வர்றதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

டானா லூயிஸ் கதை என்னாச்சு? மருத்துவர்கள் பலர் முதல்ல பயந்தாங்க. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். வீட்டுல செஞ்ச நிரல் இன்சுலின் அளவைத் தீர்மானிக்கறதுன்னா சும்மாவா? பதில் ஆய்வுலதான் கிடைக்கணும். கிடைச்சுது. நியூசிலாந்துல 7 வயசுலேர்ந்து 70 வரைக்கும் 97 பேர் சேர்ந்த ஆய்வு, 2022-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. ஓப்பன்ஏபிஎஸ் கணக்குமுறை இப்போ ஆண்ட்ராய்டு போனுக்கே மாறியிருந்தது. (ஆண்ட்ராய்டுக்குள்ள இருக்கறதும் லினக்ஸ் கருதான், ஏஆர்எம் சிப்தான்.) 24 வாரம் கழிச்சுப் பார்த்தா, சர்க்கரை சரியான அளவுல இருந்த நேரம், இந்த முறையில இருந்தவங்களுக்கு மத்தவங்களை விட 14 சதவீதப் புள்ளி அதிகம். நாளுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல கூடுதல். கடுமையான தாழ்சர்க்கரை ஒருத்தருக்கும் வரலை.

இதைப் படிச்சுட்டு யாரும் நாளைக்கே பம்ப்பைக் கழட்டிப் பிரிக்காதீங்க, தயவுசெய்து. அந்த ஆய்வுல இருந்தவங்க மருத்துவர் கண்காணிப்புல இருந்தாங்க. நம்ம ஊர்ல பம்ப், சென்சார் விலையே பெரும்பாலான குடும்பத்துக்கு எட்டாது. இங்க டைப் 1 பிள்ளைக்கு முதல் தேவை தவறாம இன்சுலின், குளுக்கோமீட்டர், பையில எப்பவும் ஒரு பொட்டலம் சர்க்கரை.

வீட்டுல ஆர்வமுள்ள பிள்ளை இருந்தா, பழைய டிவியும் கீபோர்டும் இருந்தா, ஒரு போர்டு வாங்கிக் கொடுங்க. இயங்குதளத்தை மெமரி கார்டுல ஏத்தணும், அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு: ஓடும்போது டக்குனு பிளக்கைப் பிடுங்கினா கார்டு கெட்டுப்போகும். முறையா ஷட்டவுன் பண்ணச் சொல்லுங்க. நம்ம ஊர் கரண்டுக்கு அது போதாது, கூட ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் வெச்சிடுங்க.