சுவரில் எழுதிய மருந்து

சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்குத் தூக்கம் கெட்டுப் போயிற்று. இரவு இரண்டு மணி சுமாருக்கு விழிப்புக் கொடுக்கும். மார்புக்குள் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்வது போல் இருக்கும். டாக்டரிடம் போனேன். குழாயை வைத்துப் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார்; "ஒன்றுமில்லை ஸார், தைரியமாகப் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, இரவு இரண்டு மணிக்குத் தவறாமல் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றும். நாற்பது வயதைத் தாண்டியவன் 'பயமாக இருக்கிறது' என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கும். எழுந்து போய், விளக்கைப் போட்டுக்கொண்டு, கையில் அகப்பட்ட புத்தகத்தைப் புரட்டுவேன்.

அப்படிப் புரட்டியபோது அறிமுகமான மனிதர்தான் டயோஜனிஸ். தாழிக்குள் குடியிருந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கிரேக்க ஞானி அல்ல. இவர் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர். இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலையில், மலைமேல் இருந்த ஈனொவாண்டா என்னும் சிற்றூர்க்காரர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர். கையில் பணம் இருந்தது, வயதாகிவிட்டது, உடம்பும் சரியில்லை. இந்த நிலையில் அக்காலத்துப் பணக்காரர்கள் கோயில் கட்டுவார்கள், ஸ்நான மண்டபம் கட்டுவார்கள், தங்களுக்கே சிலையும் வைத்துக்கொள்வார்கள். டயோஜனிஸ் வேறு ஒரு காரியம் செய்தார். ஊர் ஜனங்கள் வந்து உலாவும் தூண் மண்டபத்தின் சுவர் முழுவதும் ஒரு தத்துவத்தைக் கல்லில் வெட்டச் செய்தார்.

ஏதோ நாலு வரிக் கல்வெட்டு என்று எண்ணிவிடாதீர்கள். சுமார் 25,000 சொற்கள் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சின்ன நாவல் அளவு! எதற்காக இவ்வளவு செலவு என்பதையும் அவரே அதில் சொல்லியிருக்கிறார். தவறான எண்ணங்களால் மனிதர்கள் கொள்ளை நோய் கண்டவர்களைப் போல் கிடக்கிறார்கள். ஆட்டு மந்தையில் நோய் பரவுவது போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது தொற்றிக்கொள்கிறது. ஆளுக்கு ஆள் போய்ச் சொல்லத் தமக்கு ஆயுள் போதாது. ஆகையால் மருந்தைப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறார். உள்ளூர்க்காரருக்கு மட்டுமல்ல, வழிப்போக்கரான அந்நியருக்கும், இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் மருந்து.

மருந்து அவருடைய சொந்தத் தயாரிப்பு அல்ல. அதைக் கண்டவர் எபிக்யூரஸ். கி.மு. 341-ல் ஸாமோஸ் தீவில் பிறந்து, ஏதென்ஸ் நகரத்தில் ஒரு தோட்டத்தை வாங்கி, அங்கே சிநேகிதர்களோடு வாழ்ந்தவர். பெண்களும் அடிமைகளும்கூட அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள் என்பது அந்நாளில் ஊர் சிரித்த விஷயம். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் விருந்தும் கேளிக்கையுமே பலருக்கு நினைவு வரும். உண்மையில் ரொட்டியும் தண்ணீரும் அவருக்குப் போதும். விருந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் ஒரு சிறு பானை பாலாடைக் கட்டி அனுப்பும்படி சிநேகிதருக்கு எழுதுவாராம்!

மனிதனைப் பிடித்து ஆட்டுபவை இரண்டு பயங்கள் என்று அவர் கண்டார். ஒன்று தெய்வங்களைப் பற்றிய பயம். இன்னொன்று சாவைப் பற்றிய பயம். இடியும் மின்னலும் பூகம்பமும் யாரோ கோபித்துக்கொண்டு அனுப்பும் தண்டனைகள் அல்ல, இயற்கைக் காரணங்களால் நிகழ்பவை என்றார். தெய்வங்கள் உண்டு; ஆனால் பூரண ஆனந்தத்தில் இருப்பவர்களுக்கு நம்மைப் பயமுறுத்துவதில் என்ன அக்கறை என்று கேட்டார். சாவு விஷயத்தில் அவருடைய வாதம் இன்னும் கூர்மையானது. நன்மை தீமை எல்லாம் உணர்ச்சி உள்ளவரையில்தான். சாவு என்பது உணர்ச்சியே அற்றுப் போவது. நாம் இருக்கும்போது அது வருவதில்லை. அது வரும்போது நாம் இருப்பதில்லை. இருவரும் சந்திக்கவே போவதில்லை என்றால் யார் யாருக்குப் பயப்படுவது?

பிற்காலத்துச் சீடர்கள் இந்த உபதேசத்தை நாலே சிறு வாக்கியங்களாகச் சுருக்கி, அதற்கு 'நாலு சரக்கு மருந்து' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். மெழுகு, கொழுப்பு, பிசின், கீல் ஆகிய நான்கும் சேர்த்து அந்நாளைய வைத்தியர்கள் காய்ச்சிய ஒரு களிம்பின் பெயர் அது. கி.பி. 79-ல் வெஸூவியஸ் எரிமலை புதைத்துவிட்ட ஒரு மாளிகையில், கரிக்கட்டையாகிப் போன ஏட்டுச் சுருள் ஒன்றில் இந்தச் சுருக்கம் கிடைத்திருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு இந்த வாதத்தைப் படித்தபோது, 'பேஷ்!' என்று சொல்லிக்கொண்டேன். ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். கால்மாட்டில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

எனக்கு மட்டும் ஏற்பட்ட அனுபவம் அல்ல இது. டயோஜனிஸின் காலத்துக்குச் சற்று முன்பே புளூடார்க் என்னும் மேதை எபிக்யூரஸோடு சண்டைக்குப் போனார். செத்த பிறகு என்ன துன்பம் வருமோ என்பதா மனிதனுடைய பயம்? ஒன்றுமே இல்லாமல் போய்விடுவோமே என்பதல்லவா பயம்? 'நீ இருக்கவே மாட்டாய், ஆகையால் கவலைப்படாதே' என்பது ஒரு சமாதானமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாதி எழுதிய நாவலையும் கலியாணத்துக்கு நிற்கும் பெண்ணையும் விட்டுவிட்டுப் போகிறவனுக்கு, போன பிறகு வலிக்காது என்பது என்ன ஆறுதல்?

ஆனால் டயோஜனிஸ் இந்தச் சங்கடத்தை அறியாதவர் அல்ல. அவர் சுவரில் ஓர் இடத்தில் பயத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று வெளிப்படையான பயம்: நெருப்பைக் கண்டு விலகுகிறோமே, அது. மற்றொன்று தெளிவற்ற பயம்: மனம் வேறு எதிலோ ஈடுபட்டிருக்கும்போது ஓசைப்படாமல் உள்ளே நுழைந்து பதுங்கிக்கொள்வது. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு அப்பால் இருந்த ஒரு கிழவர் என் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துவிட்டாரே!

பதுங்கியிருக்கும் பயத்தை ஒரே ஒரு வாதத்தால் விரட்டிவிட முடியாது. எபிக்யூரஸுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒரு சிநேகிதருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், இந்த உபதேசங்களை இரவும் பகலும் சிந்தித்துப் பழகு என்கிறார். தனியாக மட்டும் அல்ல, உன்னைப் போன்ற இன்னொருவரோடு சேர்ந்தும் பழகு என்கிறார். தத்துவத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டாமல் தோட்டம் வாங்கிச் சிநேகிதர்களைக் குடிவைத்ததன் ரகசியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து வாதத்தில் இருக்கலாம்; அதை வாயில் ஊற்றுவதற்கு ஒரு மனிதருடைய கை வேண்டும்.

அதே சுவரில் ஒரு கடிதமும் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகன் தாய்க்கு எழுதியது. எபிக்யூரஸ் எழுதியது என்றே அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மகனைப் பற்றிக் கெட்ட கனவு கண்டு தாய் கலங்கிப் போயிருக்கிறாள். தூரத்தில் இருப்பவர்களின் உருவம் மனத்துக்குத் தோன்றுவதில் அபசகுனம் எதுவும் இல்லை என்று மகன் பொறுமையாக விளக்குகிறான். நான் சௌக்கியமாக இருக்கிறேன் என்கிறான். பிறகு, எனக்குச் சாமான்கள் அனுப்ப வேண்டாம், எனக்கு மிஞ்சுவதற்காக உனக்குக் குறைவு வரக் கூடாது என்கிறான். அணுக்களையும் ஆகாயத்தையும் பற்றிப் பேசிய பெரிய தத்துவம், கடைசியில் ஒரு தாயின் கெட்ட கனவுக்கு எழுதிய பதிலாக வந்து நிற்கிறது!

எபிக்யூரஸ் கி.மு. 270 சுமாரில் கல்லடைப்பு நோயால் இறந்தார். கடைசி நாளன்று ஒரு சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். வலி இதற்கு மேல் போக இடமில்லை; ஆனால் நாம் பேசிய பேச்சுக்களை நினைக்கும் சந்தோஷம் அந்த வலிக்கு எதிரே நிற்கிறது என்று சொல்லி, இறந்துபோன இன்னொரு நண்பனின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். தம்முடைய வாதத்தை அப்போது அவர் நினைத்தாரோ என்னவோ, நண்பர்களை நினைத்தார்.

டயோஜனிஸின் சுவர் நிலைக்கவில்லை. பிற்காலத்தார் கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1884-ல்தான் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் முதல் துண்டுகளைக் கண்டார்கள். இதுவரை ஏறக்குறைய 300 துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மண்ணுக்கடியில் இன்னும் எவ்வளவோ கிடக்கலாம்.

அந்தக் கடிதத்தைப் படித்த இரவு, விளக்கை அணைத்துவிட்டு வந்து மனைவியை எழுப்பினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய்ப் பாலைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

"எனக்கும் சில நாள் இப்படித்தான் வருகிறது. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்களோ என்று இருந்துவிட்டேன்" என்றாள். 

பயம் அன்றோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் சில இரவுகளில் வருகிறது. வந்தால் இருவரும் உட்கார்ந்து பால் சாப்பிடுகிறோம்.