பெடலை மிதிக்கும் கால்: பாலாற்றங்கரைத் தோல் ஊர்களில் கணுக்கால் அறுவை சிகிச்சையும் வலியும்

ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்ணின் வலது கால் நாள் முழுக்க ஒரே சின்ன அசைவைச் செய்துகொண்டிருக்கிறது. முன்பாதத்தை அழுத்தினால் மெஷின் ஓடும், தளர்த்தினால் நிற்கும். புதுவகை மெஷின்களில் குதிகாலால் பின்னுக்கு மிதித்தால் நூல் அறுபடும். வளைவான இடத்தில் வேலை இன்னும் நுணுக்கமானது. இரண்டு தையல் ஓட்டி, நிறுத்தி, தோலைத் திருப்பி, மறுபடி இரண்டு தையல். இடுப்பும் முழங்காலும் அப்படியே இருக்க, கணுக்கால் மட்டும் சில பாகைகள் மேலும் கீழும் போய்வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் மாதச் சம்பளம் இந்த அசைவை நம்பித்தான் இருக்கிறது.

அந்தக் கணுக்கால் தேய்ந்து, மாத்திரைக்கும் ஊசிக்கும் கட்டுப்படாத வலி வந்துவிட்டால் மருத்துவம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. மூட்டை அகற்றி எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவது ஒன்று. உலோகமும் பாலிஎத்திலீனும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவது இன்னொன்று. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது குணமானதாகக் கொள்வது என்பதற்கான அளவுகோல்கள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் சாப்பிடும் நாடுகளில் உருவானவை. இந்த ஊர்களுக்கு அவை போதாது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தக் கால் நாளைக்கு என்ன வேலை செய்ய வேண்டும்? வலியை இவர் எந்தச் சொல்லால் சொல்கிறார்? இப்படிக் கேட்கும் பழக்கத்துக்கு வேலூரிலேயே வேர் இருக்கிறது. அதை ஊன்றியவர்கள் வலியே தெரியாத நோயாளிகளிடம் பாடம் கற்றவர்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். முழங்கால் பெரும்பாலும் வயதால் தேய்கிறது. கணுக்கால் அப்படியல்ல; அதன் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் ஒரு பழைய காயம் காரணமாக இருக்கிறது. என்றோ உடைந்த எலும்பு, திரும்பத் திரும்பப் பிசகிய தசைநார். 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் கணுக்கால் மூட்டை அளந்து பார்த்தார்கள். உள்ளே இருக்கும் தாலஸ் எலும்பு வெளிப்பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துபோனது. பைக்கில் சறுக்கி விழுந்து, வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்ட கால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஏன் கணக்குத் தீர்க்க வருகிறது என்பதற்கு இந்த ஒரு எண்ணே விளக்கம்.

இங்கே புத்தூர் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் புத்தூர் இப்பகுதிக்குப் பக்கத்து ஊர் மாதிரி. எலும்பு முறிந்தால் நேராக அங்கே போவது தலைமுறைப் பழக்கம். நீள எலும்பின் நடுவில் முறிந்து, துண்டுகள் விலகாமல் இருந்தால் வெளியிலிருந்து கட்டும் கட்டில் எலும்பு கூடிவிடலாம். முறிவு மூட்டுக்குள் போயிருந்தால் கதை வேறு. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகைக் கை தடவிக் கண்டுபிடிக்க முடியாது. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணுக்கால் முறிவுக்கு மட்டுமாவது கட்டுக்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் வேரூன்றினால், இந்த அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் தப்பிக்கும் கால்கள் பல.

செயற்கைக் கணுக்காலின் வரலாறு தோல்வியில் தொடங்கியது. 1970-இல் பிரான்சில் லோர், மரோத் என்னும் மருத்துவர்கள் இடுப்பு மூட்டின் வடிவைத் தலைகீழாக்கியது போன்ற ஒரு மூட்டைப் பொருத்தினார்கள். பலருக்கு அது நிலைக்கவில்லை. சிமென்ட் வைத்து ஒட்டிய அக்கால மூட்டுகள் அடுத்தடுத்துத் தளர்ந்துபோக, எலும்பை இணைத்துவிடுவதே உத்தமம் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்துவிட்டிருந்தது. டென்மார்க்கின் ஹாகோன் கோஃபோட் விடாமல் உழைத்து மேம்படுத்திய, நடுவில் நகரும் பாலிஎத்திலீன் துண்டு கொண்ட மூட்டுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்றைய மூட்டுகளில் பத்தில் எட்டு, ஒன்பது பத்தாண்டு தாண்டி உழைக்கின்றன.

இணைப்பா, மாற்றா என்ற கேள்விக்குப் பிரிட்டனில் நடந்த டார்வா ஆய்வு நேரடியாக விடை தேடியது. 50 முதல் 85 வயதுக்குட்பட்ட 303 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். முடிவு 2022-இல் வெளிவந்தது. நடப்பதிலும் நிற்பதிலும் உள்ள சிரமத்தை நூற்றுக்கு அளந்தபோது, சிகிச்சைக்கு முன் இரு பிரிவிலும் 82-ஐ ஒட்டி இருந்த மதிப்பெண், ஓராண்டில் மூட்டு மாற்றியவர்களுக்கு 31 ஆகவும் இணைத்தவர்களுக்கு 37 ஆகவும் இறங்கியது. இரண்டு சிகிச்சையும் நன்றாகவே உதவின. இடையிலுள்ள வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. மாற்றுச் சிகிச்சையில் காயம் ஆறுவதில் சிக்கல் கூடுதல். இணைப்பில் எலும்பு கூடாமல் போவதும் ரத்தம் உறைவதும் கூடுதல்.

நேர்மையாக நடத்தப்பட்ட, மதிப்புக்குரிய ஆய்வு. ஆனால் அது பயன்படுத்திய 16 கேள்விகள் கொண்ட படிவத்தில் தரையில் உட்கார்ந்து எழுவதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. குத்துக்காலிட்டு உட்காரக் கணுக்கால் முன்பக்கமாக முப்பது பாகைக்கு மேல் மடங்க வேண்டும். செயற்கை மூட்டில் முன்பக்க மடக்கம் பெரும்பாலும் பத்துப் பாகையைத் தாண்டாது; இணைத்த காலில் அதுவும் கிடையாது. ஆகவே பழைய மாதிரிக் கழிப்பறை இரண்டு சிகிச்சைக்குப் பிறகும் சிரமம்தான். அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே வீட்டுக் கழிப்பறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தொழுகையும் அப்படியே. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஐந்து வேளையும் தரையில் மண்டியிட்டு, பாதத்தை மடக்கி அமர்ந்து பழகியவர்கள் ஏராளம். இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தருகிறது. இருந்தாலும் வரிசையின் ஓரத்து நாற்காலிக்குப் போவது ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு மனத்தளவில் எவ்வளவு பெரிய நகர்வு என்பதை எந்த மதிப்பெண்ணும் காட்டுவதில்லை.

அதே அளவுகோலை மெஷினுக்குக் கொண்டுபோனால் விடை திரும்பிவிடுகிறது. பெடலுக்குத் தேவையான சில பாகை அசைவைச் செயற்கை மூட்டு தந்துவிடும். இணைத்த கணுக்காலோடு தைப்பவர் அந்த அசைவை நடுப்பாதத்திலிருந்தோ முழங்காலிலிருந்தோ கடன் வாங்க வேண்டும். நாளுக்குச் சில ஆயிரம் முறை கடன் வாங்கினால் அடுத்த மூட்டு தேய ஆரம்பிக்கும். கிளிக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் நின்று தோல் வெட்டுபவருக்கோ, டேனரியின் ஈரத்தரையில் பாரம் தூக்குபவருக்கோ கணக்கு வேறு. அசைவைவிட உறுதி முக்கியமான அந்தக் கால்களுக்கு, வயதும் குறைவாக இருந்தால், இணைப்பே பொருந்தலாம். ஒரே ஊர், ஒரே கம்பெனி, ஒரே எக்ஸ்ரே. ஆனாலும் இரண்டு விடை. மருத்துவரின் சீட்டில் வேலை என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

இப்படி வேலையிலிருந்து காலைப் பார்க்கும் முறையை இந்த மண்ணில் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையில் சிதைந்த கைகளைப் பார்த்த பிறகு அவருடைய பாதை மாறியது. தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். விரல்களும் பாதங்களும் போவதற்குக் காரணம் வலி உணர்வு இல்லாமையே என்று பிராண்டும் அவர் குழுவும் காட்டினார்கள். ஆணி ஏறிய காலோடு நோயாளிகள் நடந்தார்கள். நொண்ட வேண்டும் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. வேலூருக்கு அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையத்தில் தசைநாண் மாற்றி, தொங்கிப்போன பாதங்களை நிமிர்த்தியதோடு, அந்தப் பாதங்களுக்கு ஏற்ற செருப்பும் உருவானது.

பிராண்டின் மாணவி மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்துவைத்தார். உடம்பை மட்டும் சரிசெய்து அனுப்பாமல், வீட்டுக்கும் வேலைக்கும் ஆளைத் தயார் செய்து அனுப்புவது அங்கே வழக்கமானது.

வலியில்லாத பாதத்துக்கும் செயற்கைக் கணுக்காலுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு இருக்கிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு போயிருந்தால், உணர்விழந்த எலும்புகள் நொறுங்கிச் சிதையும் சார்க்கோ நிலைக்கு மூட்டு போயிருந்தால், மருத்துவர்கள் பொதுவாகச் செயற்கை மூட்டு வைக்க மறுக்கிறார்கள். கோணலாக ஊன்றுகிறோம், அதிகம் நடந்துவிட்டோம் என்று சொல்லும் காவல் இல்லாத காலில் எந்த உலோகமும் நீடிக்காது. அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு பிராண்ட், உணர்விழந்தவர்களுக்காகச் செயற்கையாக வலியை உண்டாக்கும் கருவி செய்து பார்த்தார். ஒலி எழுப்பியது, விளக்கு எரிந்தது, கடைசியில் மின்னதிர்ச்சியும் தந்தது. ஆனால் வேண்டாதபோது ஆட்கள் அதை அணைத்துவிட்டார்கள், முயற்சி கைவிடப்பட்டது. சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் வலி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போய் வேலைக்குத் திரும்ப நினைப்பவர், அந்தக் கருவியை அணைத்தவர் செய்ததையே செய்கிறார்.

இதற்காக வலியைப் பொறுத்துக்கொள் என்று ஒருவரிடமும் சொல்லக் கூடாது. முதல் இரண்டு வாரம் வலியை முழுமையாக அடக்கத்தான் வேண்டும்; தூங்காத உடம்பில் புண் ஆறாது. அதன் பிறகு தேவைப்படுவது வலியைப் பிரித்துப் பார்ப்பது. அதற்குத் தமிழில் குறையே இல்லை. சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னால் திகைக்கும் அம்மாள், ‘எரியுது’, ‘குடையுது’, ‘விண் விண்ணுன்னு தெறிக்குது’, ‘கடுக்குது’, ‘மதமதன்னு இருக்கு’ என்று தயங்காமல் பிரித்துச் சொல்வார். இவை வெறும் வட்டாரச் சொற்கள் இல்லை. கீறல் போட்ட முன்பக்கத்தில் பாதத்தின் மேலே எரிச்சல் என்றால் நரம்பு பாதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சூட்டோடும் சிவப்போடும் விண் விண்ணென்று தெறித்தால் கிருமித் தொற்றைச் சந்தேகித்து அன்றே போக வேண்டும். சாயங்காலக் கடுப்பு காலைத் தூக்கி வைத்தால் தணியும். அது அன்றைய உழைப்பின் அளவு. ஓராண்டு நன்றாக இருந்துவிட்டு, உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் மட்டும் ஆழமாகக் குடைந்தால், மூட்டு எலும்பிலிருந்து தளர்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டியிருக்கும். மருத்துவர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் இந்த நான்கும் ‘ஆறு’ என்ற ஒரே எண்ணுக்குள் புதைந்துவிடும்.

காலம் இன்னொரு பிரச்சினை. தையல் பிரிக்க இரண்டு வாரம். முழு எடை ஊன்ற ஆறு வாரம் வரை. நின்று செய்யும் வேலைக்கு மூன்று முதல் ஆறு மாதம். வீக்கம் முழுதாக வற்ற ஓராண்டுகூட ஆகலாம். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவியோ ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். கால் இன்னும் வீங்கியிருக்கும்போதே பணம் நின்றுவிடுகிறது. பணியில் ஏற்பட்ட காயம் என்றால் இயலாமை நீடிக்கும்வரை 90 சதவீதம் கிடைக்கும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், பணியோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால், இதில் அடங்கும். ஆனால் கணுக்கால் தேய்மானம் விபத்து நடந்து பல ஆண்டு கழித்து வருகிறது. அன்றைக்கு விபத்தைப் பதிவு செய்யாமல், சொந்தச் செலவில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுவாரமே மெஷினுக்குத் திரும்பியவர், பிற்பாடு தொடர்பை எதை வைத்து நிரூபிப்பார்? ஆகவே கணுக்கால் சுளுக்கையும் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தொழிற்சங்கங்கள் வற்புறுத்துவது மருத்துவத்தின் பகுதியே ஆகும்.

கடைசியாகக் காலணி. கரிகிரி வழிவந்த எம்.சி.ஆர். செருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எளிமையாகத்தான் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி மெதுவாக மேலெழும் மென்மையான நுண்துளை ரப்பர். அதன் அடியில் தேயாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. விரலிடுக்கு வார் இல்லை, ஏனென்றால் உணர்வில்லாத விரல் செருப்பைப் பற்றாது. பதிலாகக் குதிகாலைச் சுற்றி ஒரு பின்வார். ஒவ்வொரு உறுப்புக்கும் காரணம் உண்டு. கணுக்கால் சிகிச்சை முடிந்தவருக்குத் தேவையானதும் இதே யோசனையின் அடுத்த படி: முன்பக்கம் படகுபோல மேல்நோக்கி வளைந்த அடி. கணுக்கால் மடங்காத குறையை அந்த வளைவு ஈடுசெய்து காலை உருட்டி முன்னே விடுகிறது.

உலகச் சந்தைக்கு ஷூ தைக்கும் ஊரில் இதற்குத் திறமைப் பஞ்சம் இல்லை. இல்லாதது அளவு. ஏற்றுமதி ஷூவின் காலச்சு ஐரோப்பியப் பாதத்தின் வடிவம். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதத்தை முப்பரிமாணத்தில் அளந்து, இந்தியப் பாதம் அகலமானது என்று கண்டு, ‘பா’ என்ற புதிய அளவுமுறையை முன்வைத்திருக்கிறது. அறுவை முடிந்து வீங்கிய பாதத்துக்கு அந்த அகலம் இரட்டிப்பாகத் தேவை. ஆம்பூரின் ஒரு கம்பெனியேனும் வளைந்த அடியும் அகன்ற முன்பக்கமும் திறக்கும் நாவும் கொண்ட ஒரு ஜோடியைத் தன் தொழிலாளிகளுக்காகத் தைக்கத் தொடங்கினால், வேலூர் மருத்துவர்கள் அதை மருந்துச் சீட்டிலேயே எழுத முடியும்.

அதுவரை செலவில்லாத கருவி ஒன்று கைவசம் இருக்கிறது. உணர்விழந்த பாதங்களில் புண் வெடிக்குமுன்னே சூடேறும் இடத்தைக் கையால் தொட்டே பிராண்ட் கண்டுபிடிப்பார். சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பிய தையல்காரப் பெண்ணும் இதைச் செய்யலாம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் வாரைத் தளர்த்தி, புறங்கையை முதலில் நல்ல கணுக்காலிலும் பிறகு மாற்றிய கணுக்காலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு என்றால் மறுநாள் அதே அளவு வேலை. மாற்றிய கால் கொதித்தால் மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு அரை மணிக்கு ஒருமுறை காலைத் தூக்கி வைக்க ஒரு முக்காலி.