தேவனாம்பட்டினம் முதல் பித்தளைக் கூடு வரை: துப்பாக்கி அழுத்தம் அளக்கப்பட்ட வரலாறு

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று பெஞ்சமின் ராபின்ஸ் காய்ச்சலில் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அவர் இங்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதால் அப்போது இக்கரையில் கம்பெனியின் தலைமையிடம் கடலூர்தான். கோட்டைகளைப் பலப்படுத்த அழைக்கப்பட்ட இவரே துப்பாக்கிக் குழலுக்குள் எழும் அழுத்தத்தைச் சோதனையால் கணக்கிட்ட முன்னோடி. கடலூரின் வரலாற்றை எழுதுவோர் இதற்குத் தனி இடம் தரவேண்டும்.

1742இல் வெளிவந்த பீரங்கியியல் நூலில் ராபின்ஸ் கையாண்ட முறை எளிமையானது. காற்று நீக்கிய கலத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் வெடிமருந்தைத் தூவி எரித்து, எழுந்த வாயுவைப் பாதரசமானியால் அளந்தார். குளிர்ந்த நிலையில் அது மருந்தின் கன அளவைப்போல் 244 மடங்கு. வெடிக்கும் கணத்தின் வெப்பத்தையும் சேர்த்தால் அழுத்தம் ஏறத்தாழ 1,000 வளிமண்டலம் என்றார். குண்டு நகருமுன் மருந்து முழுதும் எரிந்துவிடும் என்பது அவர் கொண்ட அனுமானம். அதிலிருந்து கணித்த வேகத்தை, குண்டு மோதி ஆடும் கனத்த ஊசலைக் கொண்டு சரிபார்த்தார். கணிதவியலாளர் ஆய்லர் 1745இல் இந்நூலை விரிவான உரையுடன் ஜெர்மனில் தந்தார்.

ராபின்ஸ் மறைந்து முப்பதாண்டுக்குப் பின், 1781 ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயில் அரணில் கம்பெனிப் படைத்தலைவர் ஐர் கூட் பின்வாங்கியபோதும், ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்றபோதும், சிப்பாய்கள் கையிலிருந்தது காகிதத் தோட்டா. சுட்டபின் ஆராய எதுவும் மிஞ்சாது. 1860களில் பிரிட்டிஷ் பீரங்கி ஆய்வாளர் ஆண்ட்ரூ நோபிள் சிறு செப்பு உருளையை வாயு நசுக்கும்படி பொருத்தி, அது எவ்வளவு குறுகியது என்று பார்த்து அழுத்தத்தைக் கணித்தார். 1875இல் அவரும் வேதியியலாளர் ஏபலும், மருந்து நிறைந்த மூடிய கலத்தில் கண்டது ஏறத்தாழ 6,400 வளிமண்டலம். ராபின்ஸின் மதிப்பீடு இதைவிடக் குறைவு. ஆனால் கேள்வியை முதலில் சரியாகக் கேட்டவர் அவரே.

பித்தளைத் தோட்டா வந்தபின் கூடே சாட்சியாயிற்று. சுடும்போது அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்து, பிறகு சற்றே சுருங்குகிறது. அழுத்தம் மிகுந்தால் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகும், அது பொருந்தியிருக்கும் குழி தளரும், துப்பாக்கியின் போல்ட்டைத் திறப்பது கடினமாகும். கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே தோன்றும் பளபளக்கும் வளையம் வேறு கதை. வளைந்த கம்பி முனையை உள்ளே விட்டுத் தடவினால் அங்கே பள்ளம் தட்டுப்படும். மீண்டும் பயன்படுத்தக் கூட்டைத் திரும்பத் திரும்ப அளவு திருத்தித் தோள்பகுதியை அதிகம் தள்ளியதால், சுவர் நீண்டு மெலிந்ததன் அடையாளம் அது. இதை மருந்தளவின் குற்றமாகப் படிப்பது பரவலான பிழை.

கூடு பிளப்பதற்கு மருந்தே காரணமாக வேண்டியதுமில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் சுடாமலேயே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினர். மிதமாகச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வாயிற்று.

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்க நெறிமுறை அனுமதிக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, ஏறத்தாழ 4,200 வளிமண்டலம். இன்று அதைப் படிக உணரிகள் அளக்கின்றன. ப்ரைமரின் தோற்றம் அதன் உலோகக் கடினத்தையும் பொறுத்தது. தட்டையாகாததால் அழுத்தம் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. கூட்டில் குறி தெரியும்போது வரம்பு பெரும்பாலும் ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கும்.