பாத்திரம் கழுவுகிறவளின் பாட்டு

ஒரு மட்டமான விடுதி. குவளைகளைக் கழுவிக்கொண்டும் படுக்கைகளைச் சரிசெய்துகொண்டும் இருக்கிறாள் ஒரு வேலைக்காரி. வருகிறவர்கள் சில்லறையை வீசுகிறார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறாள். மனத்துக்குள் ஐம்பது பீரங்கிகளோடு ஒரு கொள்ளையர் கப்பல் வந்துகொண்டிருக்கிறது. அது ஊரைத் தரைமட்டமாக்கும். யாரைக் கொல்வது என்று அவளைக் கேட்பார்கள். எல்லாரையும் என்பாள்.

'கடற்கொள்ளைக்காரி ஜென்னி' என்ற இந்தப் பாட்டு, 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் அரங்கேறிய 'த்ரீபென்னி ஆப்ரா' இசைநாடகத்தில் வருகிறது. எழுத்து பெர்டோல்ட் பிரெக்ட், இசை குர்ட் வைல் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஜான் கேயின் 1728ஆம் ஆண்டு நாடகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து இதற்கு அடித்தளம் போட்டவர் எலிசபெத் ஹாப்ட்மன் என்ற பெண்.

நாடகத்தில் அந்த வேலைக்காரி மேடைக்கு வருவதே இல்லை. திருடர் தலைவன் மெக்ஹீத்தை மணக்கும் பாலி, கல்யாணத்துக்கு வந்த அவனுடைய கூட்டாளிகளுக்காக, எங்கோ மதுக்கடையில் பார்த்த ஒருத்தியைப்போல நடித்துக்காட்டுகிறாள். அவர்கள் ரசிக்கிறார்கள். மாப்பிள்ளையோ, இது கலையடா என்று அவர்களை அதட்டிவிட்டு, இந்த நடிப்பெல்லாம் இனி வேண்டாம் என்று மனைவியிடம் தணிந்த குரலில் சொல்கிறான். அவனுக்குப் புரிந்துவிட்டது போலும்.

மணப்பெண்ணிடம் இருந்த பாட்டு 1931இல் வந்த திரைப்படத்தில் லோட்டே லென்யாவிடம் போனது. அதில் அவர் பாலியல் தொழிலாளி ஜென்னி. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் வைலும் லென்யாவும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1954இல் நியூயார்க்கில் இந்த நாடகம் ஆங்கிலத்தில் வந்தபோது, 55 வயதில் அதே பாட்டை மேடையில் பாடினார் லென்யா. 1956இல் அவருக்கு டோனி விருது கிடைத்தது.

இதே நாடகத்தில் கொலைகாரன் மெக்ஹீத்தைப் பற்றிய 'மேக் தி நைஃப்' பாட்டும் உண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் 1955இலும் பாபி டேரின் 1959இலும் பாடி அதைத் தெருவெங்கும் கொண்டுபோனார்கள். ஒரு கொலைகாரனின் கதைக்கு உலகமே காலால் தாளம் போட்டது. ஜென்னியின் பாட்டுக்கு அந்த வகைப் புகழ் வரவில்லை. அது பாடகியிடமிருந்து பாடகிக்குக் கைமாறியே நிலைத்தது.

1964இல் கார்னகி ஹாலில் அதைப் பாடினார் நீனா சிமோன். விடுதியை அமெரிக்கத் தெற்குக்கு மாற்றினார். அவ்வளவுதான் செய்தார், பீரங்கி யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது அதற்கு முந்தைய ஆண்டுதான். வட கரோலினாவில் சிமோனின் அம்மா மதபோதகர். வெள்ளைக்காரர் வீட்டில் வேலையும் செய்தவர். அந்த வீட்டம்மாதான் சிறுமி நீனாவின் பியானோ வகுப்புக்குப் பணம் கட்டினார். நன்றி சொல்லி வாங்குவது என்றால் என்னவென்று சிமோனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போதே கொல்வதா, பிறகா என்று கொள்ளையர்கள் கேட்கும் இடத்தில் அவர் குரல் கிசுகிசுப்பாகிவிடுகிறது. பதிவைக் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை.