முதலில் அரம், அப்புறம் மெஷின்

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் புதிதாக ஒரு பையன் தொழில் பழக வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே லேத் மெஷினை அவன் கையில் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும் கொடுப்பார்கள். ராவ வேண்டும். நாலு பக்கமும் மட்டமாக வரும்வரை ராவிக்கொண்டே இருக்க வேண்டும். கை காய்த்துப்போகும். பையன் மனசுக்குள் திட்டுவான். ஆனால், அது அவனுக்கென்று அளவெடுத்துக் கொடுக்கப்பட்ட வேலை. தப்பு பண்ணினால் ஒரு துண்டு இரும்பு வீண், அவ்வளவுதான். மெஷினில் தப்பு பண்ணினால் விரல் போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு 1961-ல் ஒரு சட்டமே வந்தது. தொழில் பழகுநர் சட்டம். நம் ஊர் பாஷையில் அப்ரண்டிஸ் சட்டம். பையனுக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பாடத்திட்டம் வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை. சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ள ஆள். முடிவில் பரீட்சை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானதும் அதே 1961-ல்தான். மூன்று வருஷம் கழித்து, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட். அந்தப் பேட்டைகளில் அப்ரண்டிஸ் என்ற சொல் தெரியாத வீடு கிடையாது.

இரும்பு விஷயத்தில் இத்தனை தெளிவாக இருந்தோம். மென்பொருள் என்று வந்ததும் என்ன ஆச்சு?

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடி, திருவேற்காடு பக்கமும் இன்ஜினீயரிங் கல்லூரிகள் வரிசையாக முளைத்தன. கடைசி வருஷம் ஒரு புராஜெக்ட் செய்தாக வேண்டும். எல்லாரையும் சொல்ல முடியாது. ஆனால் கணிசமான பேர் என்ன செய்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். நகரத்தில் புராஜெக்ட் சென்டர் என்று போர்டு தொங்கும். பணம் கட்டினால் தலைப்பு, புரோகிராம், பைண்டிங் செய்த ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எல்லாம் ஒரே பார்சலாகக் கிடைக்கும்.

பையன்களை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. அந்தப் புராஜெக்ட்டை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? யாருமில்லை. வைவா முடிந்ததும் அது அலமாரியில் தூங்கப் போகிறது. யாருக்கும் வேண்டாத ஒரு பொருளை ராத்திரி பகலாக உட்கார்ந்து செய் என்றால் எவன் செய்வான்?

அப்படியானால் யாருக்காவது வேண்டிய வேலையை மாணவனிடம் கொடுத்தால்? உலகம் இந்தப் பரீட்சையைப் பெரிய அளவில் செய்து பார்த்த வருஷம், 2005.

*

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஓப்பன் சோர்ஸ் என்பது, எழுதிய புரோகிராமைப் பூட்டி வைக்காமல் ஊருக்குத் திறந்துவிடுகிற முறை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். லினக்ஸ் அப்படி வளர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் அப்படித்தான். எழுதுகிறவர்களில் ஏராளமானவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அவர்களுக்கு ஒரு நிரந்தரக் கவலை உண்டு. அடுத்து யார்?

2005 ஜூன் மாதத் தொடக்கத்தில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது. பெயர், சம்மர் ஆஃப் கோட். யோசனை அதன் நிறுவனர்களான லாரி பேஜ், செர்கே பிரின் இருவருடையது. நடத்தும் பொறுப்பு கிறிஸ் டிபோனாவிடம். கோடை விடுமுறையில் மாணவன் ஹோட்டலில் பர்கர் புரட்டப் போகாமல், ஓர் ஓப்பன் சோர்ஸ் குழுவுக்குப் புரோகிராம் எழுதட்டும். ஒழுங்காக முடித்தால் அவனுக்கு 4,500 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு லட்ச ரூபாய். சொல்லிக்கொடுத்த குழுவுக்கு 500 டாலர்.

இருநூறு மாணவர்களை எடுப்பதாகத் திட்டம். வந்து குவிந்தவை 8,700-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள்! கூகுள் அசந்துபோய் இடங்களை 419 ஆக்கியது. சொல்லிக்கொடுக்க முன்வந்த அமைப்புகள் சுமார் நாற்பது. அப்பாச்சி, கே.டி.ஈ., உபுண்டு, பிளெண்டர் என்று பெரிய தலைகள்.

முடிவு? சுமார் எண்பது சதவிகிதம் வேலைகள் முடிந்தன. நல்ல மார்க்தானே என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. உபுண்டுவில் முடிந்தவை 64 சதவிகிதம். கே.டி.ஈ.யில் 67. மூன்றில் ஒன்று ஊற்றிக்கொண்டது.

ஏன்? மாணவர்கள் மக்கா? இல்லை, ஆயிரக்கணக்கில் வடிகட்டி எடுத்தவர்கள். பணம் போதவில்லையா? அதுவும் இல்லை. குழுக்கள் சொன்ன புகார் ஒன்றுதான்: “எங்களுக்கு யோசிக்க நேரமே தரவில்லை.” எந்த வேலையைக் கொடுப்பது, யார் பார்த்துக்கொள்வது என்று உட்கார்ந்து திட்டம் போடுவதற்குள் கோடை வந்துவிட்டது. அரம் எங்கே என்று தேடுவதற்குள் பையன் மெஷின் முன்னால் நின்றிருந்தான்.

*

அடுத்தடுத்த வருஷங்களில் குழுக்கள் பாடம் கற்றன. இன்றைக்கு ஓப்பன் சோர்ஸ் உலகில் மாணவர் திட்டம் தீட்டுவது தனிக் கலை. பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள்.

முதலில் ஒரு யோசனைப் பட்டியல். என்ன வேலை, முடிந்தால் யாருக்குப் பயன், மாணவனுக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு கடினம் எல்லாம் அதில் இருக்கும். கட்டாயமாக ஒரு வழிகாட்டியின் பெயர். பொறுப்பேற்க ஆள் இல்லாத யோசனை, எத்தனை பிரமாதமாக இருந்தாலும் வெட்டு.

அடுத்தது அளவு. கஷ்டமான இடம் இதுதான். பன்னிரண்டு வாரத்தில் முடியாத வேலையைக் கொடுத்தால் மாணவன் மூழ்குவான். மூன்று நாளில் முடிவதைக் கொடுத்தால் மிச்ச நாளெல்லாம் ஈ ஓட்டுவான். குழுவுக்கு அவசரமாக வேண்டிய வேலையைக் கொடுக்கவே கூடாது. பையன் தாமதித்தால் ஊரே காத்திருக்க வேண்டிவரும். அதற்காக யாரும் சீண்டாத குப்பையைத் தள்ளிவிடுவதும் துரோகம். அவசரமில்லை, ஆனால் உண்மையிலேயே வேண்டும், பாதியில் நின்றாலும் அந்தப் பாதி உதவும். அப்படிப்பட்ட வேலையாகப் பார்த்து நறுக்க வேண்டும்.

மூன்றாவது, அரம். பல குழுக்கள் விண்ணப்பத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதில்லை. முதலில் ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் காட்டு என்கின்றன. பத்து வரி வேலைதான். ஆனால் அதற்குள் பையன் கேள்வி கேட்பானா, திட்டினால் ஓடிவிடுவானா, சொன்னதைத் திருத்துவானா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நான்காவது, மாற்று வழிகாட்டி. முதல் வழிகாட்டியும் மனுஷன்தானே. காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கும்.

பணமும் மொத்தமாகக் கொடுக்கப்படவில்லை. 2006 வாக்கில் முதலில் 500, பாதி வழியில் தேர்ந்தால் 2,000, முடித்தால் இன்னொரு 2,000 என்று தவணையானது. வேலை நகரவில்லை என்றால் பாதியிலேயே ஃபெயில். கேட்க இரக்கமில்லாததுபோல் இருக்கும். ஆனால், எங்கோ சிக்கி நிற்கிற பையன் நடுவழியிலேயே வாயைத் திறக்க இதுவே வழி. பெரும்பாலான புராஜெக்ட்டுகள் சாவது திறமைக் குறைவால் அல்ல. கூச்சத்தால்.

ஒரு ரகசியமும் உண்டு. வழிகாட்டி செலவழிக்கும் நேரத்தில் அந்த வேலையை அவரே முடித்திருக்கலாம். பல சமயம் சீக்கிரமாகவே. பிறகு ஏன் இந்தப் பாடு? டிபோனா முதல் வருஷத்து மாணவர்களைப் பற்றிச் சொன்ன கணக்கில் பதில் இருக்கிறது. சுமார் முப்பது சதவிகிதம் பேர் கோடை முடிந்த பிறகும் தங்கள் குழுக்களிலேயே இருந்தார்கள். பத்துக்கு மூன்று பேர்! பணம் நின்ற பிறகும்!

அழைக்கும் விதமும் திட்டத்தில் சேர்த்திதான். 2006-ல் க்னோம் குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் பெண்கள் எத்தனை பேர்? பூஜ்யம். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் பெண்களுக்கென்றே தனியாக அறிவித்தார்கள். சுமார் நூறு பேர் விண்ணப்பித்தார்கள். ஆர்வம் இருந்திருக்கிறது. கதவு எங்கே என்றுதான் தெரியவில்லை. அந்த முயற்சியின் வாரிசுதான் இன்றைய அவுட்ரீச்சி திட்டம்.

*

இந்தத் திட்டத்தின் முதல் பத்து வருஷங்களில் அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது? ஸ்டான்ஃபோர்டா? எம்.ஐ.டி.யா? நம் ஐ.ஐ.டி.யா?

கொழும்புக்குத் தெற்கே இருக்கிற மொறட்டுவ பல்கலைக்கழகம். ஒரு வருஷமல்ல, பல வருஷங்கள் உலகத்திலேயே முதல் இடம்.

எப்படி? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்த சஞ்சீவ வீரவரண தாய்நாடு திரும்பியவர். மொறட்டுவவில் பாடம் எடுத்தவர். 2003-ல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். இலங்கை இளைஞர்கள் உலகத்தரமான ஓப்பன் சோர்ஸ் குழுக்களில் நேரடியாக எழுத வேண்டும் என்பது நோக்கம். எழுதினார்கள். அப்பாச்சியில் ‘சந்தேச’ என்று ஒன்று, ‘கண்டுல’ என்று ஒன்று. கண்டுல யார் தெரியுமா? எல்லாளனோடு மோதிய துட்டகைமுனுவின் யானை!

2004 டிசம்பர் 26. சுனாமி. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் உயிர்கள். யார் எந்த முகாமில், யாரைக் காணோம், எங்கே என்ன பொருள் வேண்டும் என்று தெரியாத குழப்பம். தன்னார்வப் புரோகிராமர்கள் கூடிச் சில நாள்களுக்குள் ஒரு மென்பொருளை நிறுத்தினார்கள். ‘சஹானா.’ சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 2005 பாகிஸ்தான் பூகம்பம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010 ஹெய்ட்டி பூகம்பம் என்று அது உலகம் சுற்றியது. பின்னர் சஹானாவும் சம்மர் ஆஃப் கோட்டில் மாணவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பாகச் சேர்ந்தது.

ஆக, மொறட்டுவ மாணவன் விண்ணப்பம் போட உட்காரும்போது அவன் தனியாள் இல்லை. போன வருஷம் எழுதிய சீனியர் அடுத்த அறையில் இருப்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதே ஊரில் வேலை பார்ப்பார். மாணவன் வழிகாட்டி ஆவான், அவன் இன்னொருவனைப் பிடித்து வருவான். பட்டறையில் தலைமுறை உருவாகிற மாதிரிதான்.

*

சென்னையில் முயற்சியே இல்லையா? உண்டு. லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் கூடியது. 2005-ல், அதே வருஷம், மத்திய அரசு ஆதரவோடு ஓப்பன் சோர்ஸுக்கென்று ஒரு தேசிய மையம் இங்கேதான் தொடங்கியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யூ-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னையும் சேர்ந்து நடத்தின. பாஸ் லினக்ஸ் பிறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஓப்பன் சோர்ஸ் விருப்பப் பாடமானது. சின்னச் சாதனை அல்ல. ஆனால் பாடம் வேறு, பட்டறை வேறு. பாடத்தை நூறு கல்லூரிக்கு ஒரே சர்க்குலரில் அனுப்பிவிடலாம். பக்கத்தில் நின்று மட்டம் பார்க்கிற ஆளை அப்படி அனுப்ப முடியாது.

அந்த ஆள் தொலைவில் இல்லை. லேத் ஓடிய அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே பின்னால் ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன. பத்து வருஷ அனுபவமுள்ளவர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். நடுவே ஒரு ஷேர் ஆட்டோ தூரம். தமிழுக்கு நல்ல பிழைதிருத்தி, பழைய புத்தகங்களைப் படித்து எழுத்தாக்கும் கருவி, விக்கிப்பீடியாவுக்கு உதவும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் என்று வேலையும் மலையாகக் கிடக்கிறது. கூகுள் கூட வேண்டியதில்லை. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் பல்கலைக்கழகமே மார்க்கும் மாதக்கணக்கில் நேரமும் தருகிறதே!

இல்லாதது அந்தப் பட்டியல் ஒன்றுதான். இன்ன வேலை, இன்ன அளவு, இன்னார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் இன்னார். செமஸ்டர் தொடங்குவது ஜனவரி வாக்கில். பட்டியலை ஜூன் மாதமே எழுத உட்கார வேண்டும். 2005-ல் கூகுளே தவறவிட்ட ஆறு மாதம் அது.